ஒரு வருஷமாகியும் என் மாணவி கிரேடு பரீட்சை எழுதவில்லை: ஏன் என்று சொல்கிறேன்

வெள்ளைக்கட்டை (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டார். "மிஸ், ஒரு வருஷம் ஆயிடுச்சு. பக்கத்து ஃப்ளாட்டுப் பையன் அதுக்குள்ள கிரேடு டூ முடிச்சுட்டான். இவ இன்னும் இனிஷியல்கூட எழுதலையே?" (கிரேடு பரீட்சை என்பது இனிஷியலில் தொடங்கி எட்டாவது கிரேடு வரை போகும் பியானோத் தேர்வு.) கோபமில்லை, கவலைதான். செருப்பு மாட்டிக்கொண்டே சொல்லிவிடக்கூடிய பதிலும் இல்லை. சென்னையில் 22 வருஷமாகப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். மற்ற டீச்சர்களும் பெற்றோரும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முதலில் என் கதை. பதினேழு வயதில் எட்டாவது கிரேடு முடித்தேன், நல்ல மார்க். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசிக்க வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் குவையர் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இ ஃபிளாட் சுருதியில் ஒரு கீதம். நான்கு குரலுக்கும் நோட்ஸ் அச்சில் இருந்தது, பார்த்து வாசித்துவிட்டேன். ஆனால் சோப்ரானோ பாடும் அக்காக்களுக்கு உச்சி எட்டவில்லை. "அரைக் கட்டை இறக்கி வாசிம்மா" என்றார் மாஸ்டர், அதாவது டி-யில். என்னால் முடியவில்லை. பத்து வருஷம் படித்திருந்தேன், ஸ்கேல் (ஸ்வர வரிசை) எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன், அரைக் கட்டை இறக்கத் தெரியவில்லை. பக்கத்தில் இ ஃபிளாட்டில் திணறிக்கொண்டிருந்த கிடார் பையனோ, டி என்றதும் முகம் மலர்ந்து வாசிக்க ஆரம்பித்தான். அவனுக்கு ஒரு நோட்டும் படிக்கத் தெரியாது. அன்று இரவு வீட்டுக்கு வந்து அழுதேன். என் கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாலை போட்டிருந்தார்கள். அந்தச் சாலை காது இருக்கும் பக்கமே போகவில்லை.

அதனால் என்னிடம் வரும் ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு முதல் மூன்று மாதம் புத்தகமே கிடையாது. கருப்புக் கட்டை எங்கே இரண்டாகச் சேர்ந்திருக்கிறது, எங்கே மூன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடித் தடவிப் பார்ப்பார்கள். நான் ஒரு சத்தம் வாசிப்பேன், அவர்கள் அதைப் பாடிவிட்டு, அப்புறம்தான் கட்டையில் தேட வேண்டும். தெரிந்த பாட்டு ஏதாவது ஒன்றை ஒற்றை விரலில் கண்டுபிடிப்பார்கள். இடது கை சும்மா இருக்காது, தம்புரா மாதிரி ஸவையும் பவையும் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் அதே பாட்டை வேறு கட்டையிலிருந்து தொடங்கச் சொல்வேன். இங்கேதான் குழந்தைகள் நிஜமாகவே விழித்துக்கொள்கிறார்கள். பாட்டு அதேதான், ஆனால் கை போகிற இடம் மாறுகிறது. ஏன் என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வருகிறது. கேள்வி வந்த பிறகுதான் நோட்ஸ் எழுதும் ஐந்து கோடுகளை வரைந்து காட்டுகிறேன். அரிசியில் 'அ' எழுத வைக்கும்போது குழந்தைக்கு ஏற்கெனவே அம்மா என்று கூப்பிடத் தெரிந்திருக்கிறது. இதுவும் அதுபோலத்தான்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. பாரிஸில் வாழ்ந்த பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் கச்சேரி செய்து சம்பாதித்ததைவிடப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததே அதிகம். பியானோ வாசிக்க வேண்டுமானால் பாட வேண்டும், நல்ல பாடகர்களைப் போய்க் கேட்க வேண்டும் என்று தன் மாணவர்களிடம் அவர் ஓயாமல் சொல்லியிருக்கிறார். வாய் பாடுகிற மாதிரி கட்டை பாட வேண்டும் என்பது அவர் எண்ணம். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதும் சத்தம் சாகத் தொடங்கிவிடுகிறது. அடுத்த சத்தம் அதிலிருந்து எப்படிப் பிறக்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும், விரலுக்கு அது தெரியாது.

---

அடையாறு அப்பா

வணக்கம் மேடம். நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது, ஆனாலும் ஒரு அப்பாவாகக் கேட்கிறேன். எனக்கு இசை தெரியாது. என் மகளுக்குப் பத்து வயது, இப்போதுதான் கிரேடு த்ரீ முடித்திருக்கிறாள். மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறேன், ஒன்றரை லட்சம் கொடுத்து டிஜிட்டல் பியானோ வாங்கினேன். அவள் முன்னேறுகிறாளா இல்லையா என்பதை நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? சர்டிஃபிகேட் வரும்போதுதான் எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது. பரீட்சை வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாக என்ன? டீச்சர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதானா?

---

திருச்சி மிஸ்

நானும் பியானோ டீச்சர்தான். வெள்ளைக்கட்டை மேடம் எழுதியதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை.

பெரிய நகரத்தில் பரீட்சை வேண்டாம் என்று சொல்வது எளிது. அங்கே கச்சேரி இருக்கிறது, குவையர் இருக்கிறது, வாசிப்பவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். என் மாணவிகளில் பலருக்கு, வீட்டு ஆட்களையும் என்னையும் தவிர வெளியாள் ஒருவர் உட்கார்ந்து கேட்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அந்த நாளுக்காகத்தான் ஒரு பாட்டைக் கடைசி வரை மெருகேற்றுகிறார்கள். அது இல்லாவிட்டால் எல்லாப் பாட்டும் முக்கால்வாசியில் நின்றுவிடும். என் அனுபவத்தில் பார்த்தது இது.

பழியைப் பரீட்சை மேல் போடுவதும் சரியில்லை. கிரேடு பரீட்சை நடத்தும் லண்டன் ட்ரினிட்டி காலேஜின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஐந்தாம் கிரேடு வரை சைட் ரீடிங் (புதுத் தாளைப் பார்த்ததும் வாசிப்பது), ஆரல் (காதுச் சோதனை), இம்ப்ரொவைசேஷன், மியூசிகல் நாலெட்ஜ் (இசை பற்றிய கேள்விகள்) என்ற நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். இம்ப்ரொவைசேஷன், அதாவது அந்த நிமிடத்தில் சொந்தமாகக் கற்பனை செய்து வாசிப்பது! மூன்று பாட்டில் ஒன்றாக மாணவர் தானே இசையமைத்ததைக்கூட வாசிக்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. எத்தனை டீச்சர்கள் குழந்தையை அந்தக் கதவு வழியாக அனுப்புகிறோம்? மார்க் எளிதாக வருவதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். வருஷம் முழுக்க மூன்றே பாட்டு. அது நம் தப்பு.

---

வெள்ளைக்கட்டை

திருச்சி மிஸ், நீங்கள் சொன்னதில் என்னைக் குத்தியது அந்தக் கடைசி வரிதான். நானும் ஒரு காலத்தில் வருஷத்துக்கு மூன்று பாட்டு டீச்சராகத்தான் இருந்தேன். வெளியாள் முன்னால் வாசிப்பது பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். அதற்காகத்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் வீட்டு ஹாலில் எல்லாக் குழந்தைகளும் ஒருவருக்கொருவர் வாசிக்கிறார்கள். பெற்றோர் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள், மார்க் கிடையாது.

ஒன்றில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. மார்க் எங்கே போகிறதோ டீச்சரின் நேரமும் அங்கேதான் போகும். கிரேடு பரீட்சை நடத்தும் இன்னொரு பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-இன் பிராக்டிகல் பரீட்சையில் மொத்தம் 150, பாஸ் 100. மூன்று பாட்டுக்கு 90, ஸ்கேல்களுக்கு 21, சைட் ரீடிங்குக்கு 21, ஆரலுக்கு 18. காதைச் சோதிக்கும் பகுதிக்குத்தான் எல்லாவற்றிலும் குறைவு. அவர்களே 2020-இல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்ற இன்னொரு வகைப் பரீட்சையில் நான்கு பாட்டை வீடியோ எடுத்து அனுப்பினால் போதும், ஆரலும் இல்லை, சைட் ரீடிங்கும் இல்லை. ஊரடங்கில் அது பலருக்குக் கைகொடுத்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் 'காது எதற்கு?' என்று அவசரப்படும் ஒரு பெற்றோருக்கு அது பதிலாகவும் ஆகிவிட்டது.

அடையாறு அப்பா, உங்கள் கேள்வி நியாயமானது. டீச்சரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. நீங்களே வீட்டில் பார்க்கலாம், இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மகளைப் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தாள் கிடையாது, யூட்யூப் கிடையாது, மிடில் சி-யில் தொடங்க வேண்டும். ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வாள். எங்கே என்று சொல்ல மாட்டேன். நீங்களும் உதவி செய்யாதீர்கள், அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் பாருங்கள். சத்தம் தப்பு என்று அவளுக்கே தெரிகிறதா? தெரிந்தால் தேடுகிறாளா, உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா? அதுதான் நீங்கள் கேட்ட பிடி.

---

தம்புரா

கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள் நான். எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, 'காதுதான் முதல்' என்றால் எங்களுக்குப் பெருமையாக இருக்கிறது. எங்கள் பாடாந்தரம், அதாவது குருவிடமிருந்து வரும் பாட்டு வழி, முழுக்கக் காது வழியாக வந்ததுதான். ஆனால் அதன் மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் பன்னிரண்டு வருஷம் படித்த பெண், கல்யாணமாகி வெளிநாடு போனாள். ஸ்வரப்படுத்திய புத்தகம் கையில் இருந்தும் ஒரு புதுக் கீர்த்தனையைத் தானாக எடுத்துப் பாட முடியவில்லை, ஃபோன் செய்து அழுதாள். உங்களுக்கு அரைக் கட்டை இறக்கத் தெரியவில்லை என்று அழுதீர்களே, அதன் மறு பாதி இவள். நான் பாடிக் காட்டினால்தான் அவளுக்குப் பாட்டு. அந்தக் குறை என்னுடையது, அவளுடையது இல்லை. அதனால் காது மட்டும் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு, இது வெறும் சந்தேகம். எல்லாப் பியானோ புத்தகமும் சி மேஜரில், வெள்ளைக் கட்டையில் தொடங்குகிறது. எங்கள் கணக்கில் அது சங்கராபரண ராகம். நாங்கள் முதல் பாடமான சரளி வரிசையை அதில் தொடங்குவதில்லை, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறோம். புரந்தரதாசர் வகுத்துத் தந்த வழி என்பார்கள். ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள்: ஸ–ரி அரை, ரி–க ஒன்றரை, க–ம அரை. அதே அச்சில் ப–த அரை, த–நி ஒன்றரை, நி–ஸ அரை. முன்பாதியும் பின்பாதியும் ஒரே வார்ப்பு. குழந்தையின் காதுக்கு ஒரு பாதி பிடிபட்டால் மறுபாதி தானாக வந்துவிடுகிறது. பார்க்கக் கடினம், பழகச் சுலபம். உங்கள் பக்கம் வெள்ளைக் கட்டையில் தொடங்குவதற்கு அப்படி ஒரு காரணம் இருக்கிறதா, அல்லது எழுதுவதற்குச் சுலபம் என்பதால்தானா?

---

வெள்ளைக்கட்டை

தம்புரா அம்மா, முதல் விஷயத்துக்கு உங்களுக்குக் கும்பிடு. அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் என் பதிவின் குறை தெரிந்தது. தாள் படிக்கத் தெரிந்தவருக்கு டீச்சர் இல்லாத ஊரிலும் இசையமைப்பாளர் பாக் துணைக்கு வருவார். நான் மூன்று மாதம் தள்ளித்தான் வைக்கிறேன், விலக்கவில்லை. ஆறாவது மாதத்திலிருந்து தினம் நாலு வரியாவது புதிதாகப் படிக்க வேண்டும் என்பது என் வகுப்பில் கட்டாயம்.

பாக்கைச் சொன்னதால் ஒன்று. 1720-இல் ஒன்பது வயது மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். பிற்பாடு நாம் 'இன்வென்ஷன்' என்று வாசிக்கும் பாட்டுகள் அதில்தான் முதலில் இருந்தன. 1723-இல் அவற்றைத் திருத்தி எழுதியபோது முகப்பில் நோக்கத்தையும் எழுதிவைத்தார். இரண்டு குரலையும், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இரண்டு வரிகளையும், சுத்தமாக வாசிக்க வேண்டும், அப்புறம் மூன்று குரல். நல்ல கற்பனை தோன்ற வேண்டும், அதை வளர்க்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல் வாசிக்கப் பழக வேண்டும், இசையமைப்பின் ருசியும் கிடைக்க வேண்டும். ஒரு அப்பா பிள்ளைக்கு எழுதிய பாடம். விரல் பயிற்சி, காது, கற்பனை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நாம்தான் அவற்றைத் தனித்தனி மார்க்காகப் பிரித்துவிட்டோம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைத் தொட்டுவிட்டீர்கள். நீங்கள் சந்தேகப்பட்டதுதான் சரி. சி மேஜர் எழுதவும் படிக்கவும் சுலபம், அவ்வளவுதான். கைக்குச் சுலபம் இல்லை. வெள்ளைக் கட்டை ஐந்தின் மேல் கையை வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் குட்டை, நடுவிரல் நீளம், ஆனால் கட்டைகள் எல்லாம் ஒரே மட்டம். நீள விரல்களை மடக்கித்தான் ஆக வேண்டும்.

ஷோப்பான் மாணவர்களின் கையை முதலில் வேறு இடத்தில் வைத்தார். வலது கைக் கட்டைவிரல் இ, ஆள்காட்டி எஃப் ஷார்ப், நடுவிரல் ஜி ஷார்ப், மோதிர விரல் ஏ ஷார்ப், சுண்டுவிரல் பி. குட்டை விரல் இரண்டும் வெள்ளையில், நீள விரல் மூன்றும் உயர்ந்து நிற்கும் கருப்பில். மேஜையில் கையைத் தளர்வாகப் போட்டால் எப்படி விழுமோ அப்படியே விழுகிறது. அதனால் ஸ்கேலில் அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது ஐந்து கருப்புக் கட்டையும் வரும் பி மேஜரை. நம் கணக்கில் ஏழு கட்டை சுருதி. சி மேஜர் கடைசியில்தான். கைக்குச் சாய்ந்துகொள்ள இடமில்லாததால் அதுதான் மிகக் கடினம் என்றார். பார்க்கக் கடினம், பழகச் சுலபம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அதோடு, எல்லா விரலையும் ஒரே பலமாக்க வேண்டும் என்று அன்று பாரிஸில் பலரும் பயிற்சி மேல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி அமைப்பு இருப்பதால் தனித்தனிக் குரலும் இருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள் என்றார். மோதிர விரல் நடுவிரலோடு ஒட்டிப் பிறந்தது, அதைப் பிரித்துப் பலமாக்கப் பார்ப்பது வீண் என்பது அவர் கட்சி. வகுப்புக்கு வரும் குழந்தைகளைப் பார்க்கும்போதும் எனக்கு இது ஞாபகம் வரும். இதையெல்லாம் ஒரு நூலாக எழுதத் தொடங்கி முடிக்காமலேயே 1849-இல் இறந்துவிட்டார். நமக்குக் கிடைத்தது அந்தக் குறிப்புகளும் மாணவர்கள் சொன்னவையும்தான்.

---

நாற்பத்தேழில் தொடங்கியவன்

குழந்தைகளைப் பற்றிப் பேசும் இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வங்கியில் வேலை. சின்ன வயதில் ஆசைப்பட்டதை இப்போதுதான் தொட முடிந்தது. ஒன்றரை வருஷமாகக் கற்கிறேன். என் சிக்கல் இது. ஒரு சத்தம் தப்பினால் நின்றுவிடுகிறேன், முதலிலிருந்து தொடங்குகிறேன். மறுபடி தப்பு, மறுபடி முதலிலிருந்து. எந்தப் பாட்டிலும் முதல் எட்டு பார் (தாளக் கட்டம்) மட்டும் எனக்குப் பிரமாதமாக வரும், கடைசிப் பக்கம் அந்நியம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணி நேரம் தொடர்ந்து உட்கார்கிறேன். முடிவில் ஆரம்பித்ததைவிட மோசமாக வாசிக்கிறேன். வயதாகிவிட்டது என்பதுதான் காரணமா?

---

வெள்ளைக்கட்டை

வயது இல்லை சார். நீங்கள் தினமும் பழகுவது பாட்டை இல்லை, நிற்பதை. நின்று நின்று, நிற்பது கைவந்த கலையாகிவிட்டது.

1817-இல் பீத்தோவன் தன் பழைய மாணவரும் பியானோ ஆசிரியருமான செர்னிக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் தம்பி மகன் கார்லுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார். பையனுக்கு விரல் வைப்பு சரியாகி, தாளம் தப்பாமல், சத்தங்களும் ஓரளவு சுத்தமாக வந்த பிறகு உணர்ச்சி வெளிப்பாட்டைக் கவனியுங்கள் என்கிறார். அந்தக் கட்டத்தில் சின்னச் சின்னத் தப்புக்காக நடுவில் நிறுத்தாதீர்கள், பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள் என்றும் எழுதுகிறார். இந்த வழியில்தான் இசைக் கலைஞர்கள் உருவாகிறார்கள் என்று காரணமும் சொல்கிறார். முன்கோபத்துக்குப் பேர்போன பீத்தோவனே இப்படிச் சொன்னால் நமக்கு வேறு என்ன வேண்டும்?

உங்களுக்கு நான் சொல்வது இது. பழகும் நேரத்தையும் வாசிக்கும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். பழகும்போது கடைசி நான்கு பாரிலிருந்து தொடங்குங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய நான்கு, அப்புறம் அதற்கு முந்தையது. அப்படிச் செய்தால் போகப் போகத் தெரிந்த ஊருக்குள் நுழைவீர்கள், தெரியாத காட்டுக்குள் இல்லை. வாசிக்கும்போது வீடே இடிந்தாலும் நிற்கக் கூடாது. இடது கை தொலைந்தால் வலது கை போகட்டும். இரண்டும் தொலைந்தால் வாயால் பாடிக்கொண்டே அடுத்த பாரில் போய் ஏறிக்கொள்ளுங்கள்.

அந்த நாலு மணி நேரத்தை விட்டுவிடுங்கள். ஆறு மணி நேரம் பழகுவதாகச் சொன்ன மாணவியிடம் ஷோப்பான் கோபப்பட்டு, மூன்றுக்கு மேல் கூடாது என்று தடுத்திருக்கிறார். அவள் முழுநேரம் பியானோ பழகியவள். வேலைக்குப் போய் வரும் உங்களுக்குத் தினம் இருபத்தைந்து நிமிடம் போதும். காது களைத்த பிறகு விரல் மட்டும் ஓடினால் அது தப்பைத்தான் மனப்பாடம் செய்யும்.

---

திருச்சி மிஸ்

கடைசி நான்கு பார் முறையை நானும் செய்கிறேன். நல்ல பலன். இன்னொன்று சேர்க்கிறேன். பையன்களுக்கு ஒரு பாட்டை முடித்ததும் அதன் பாஸ் (கீழ்க்குரல்) வரியை மட்டும் பாடச் சொல்வேன். முதலில் வெட்கப்படுவார்கள். பாட முடிந்தவர்களுக்கு இடது கை அப்புறம் தடுமாறுவதே இல்லை.

மேடம், ஹாலில் குழந்தைகள் ஒருவருக்கொருவர் வாசிக்கும் நாளைப் பற்றி விவரமாக எழுதுங்கள். எங்கள் ஊரில் நாலு டீச்சர் சேர்ந்தால் நாங்களும் செய்யலாம் போலிருக்கிறது. எல்லார் வீட்டிலும் பியானோ கிடையாது, பாதிப் பேரிடம் அறுபத்தொரு கட்டை கீபோர்டுதான். அதிலும் செய்யலாமா?

---

வெள்ளைக்கட்டை

தாராளமாக. பெடலும் கட்டையின் கனமும் இல்லாததால் பாட்டுகளைக் கொஞ்சம் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விவரத்தைத் தனி இழையில் எழுதுகிறேன்.

---

அடையாறு அப்பா

மேடம், பிறந்தநாள் பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். "தாள் இல்லாம எப்படிப்பா?" என்றாள் முதலில். அப்புறம் மிடில் சி-யில் தொடங்கினாள். மூன்று வரி தட்டுத்தடுமாறி வந்துவிட்டது, எல்லாம் வெள்ளைக் கட்டையிலேயே. நாலாவது வரியின் முதல் சத்தத்தில் நின்றாள். பி அழுத்தினாள், முகத்தைச் சுளித்தாள். ஏ அழுத்தினாள், அதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் சொன்னபடி நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக அவள் பாடுவது கேட்டது. கிரேடு த்ரீ வரைக்கும் இவள் பாடி நான் கேட்டதே இல்லை மேடம். பாடிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கருப்புக் கட்டையை அழுத்தினாள். அவள் போட்ட கூச்சலில் அவள் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

இப்போது "அங்க மட்டும் ஏன்பா கருப்பு வருது?" என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்வது?

---

வெள்ளைக்கட்டை

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது சார். பதில் சொல்லாதீர்கள். நாளைக்கு டி-யில் தொடங்கச் சொல்லுங்கள். இந்த முறை கருப்பு நாலாவது வரி வரைக்கும் காத்திருக்காது.

---

அடையாறு அப்பா

சொன்னேன். முதல் வரியின் கடைசிச் சத்தத்திலேயே நின்றுவிட்டாள். நாளைக்குப் பள்ளி இருக்கிறது, போய்ப் படு என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். பாடுவது மட்டும் எங்களுக்குக் கேட்கிறது.